நாள்வழியும் வேதப்புத்தகமும்: கடை நடத்திய ஓர் ஆச்சியின் ஜீவிய சரித்திரத்தை எழுதும் முறை

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் அடக்க ஆராதனையின்போது வாசிக்கப்படும் ஜீவிய சரித்திரம் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். இன்ன ஊரில், இன்னாருடைய இரண்டாவது மகளாகப் பிறந்தார், இன்ன ஆண்டில் திருமணம் ஆனது, கர்த்தர் இத்தனை பிள்ளைகளையும் இத்தனை பேரப்பிள்ளைகளையும் ஈவாகக் கொடுத்தார், ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் உறுதியாக இருந்தார், சில நாள் சுகவீனத்திற்குப் பின் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று அது போகும். நாற்பது ஆண்டுகள் கடைவாசலில் உட்கார்ந்து கருப்பட்டி வாங்கி விற்ற, சரக்குக் கிட்டங்கியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே கோயிலுக்குப் போன ஒரு பெண்மணியின் வியாபாரம் அந்தப் பக்கத்தில், 'கணவரின் தொழிலுக்கு உறுதுணையாக இருந்தார்' என்ற அரை வரிக்குள் அடங்கிவிடுகிறது. என் ஆச்சிக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த அரை வரியை எழுதியவனே நான்தான் என்பதால், அதைத் திருத்துவதற்கு எடுத்துக்கொண்ட ஓராண்டில் கற்றவற்றையும், பிறகு எங்கள் சபையில் வேறு சில குடும்பங்களுக்கு உதவியபோது கற்றவற்றையும் இங்கே முறையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அடக்கத்தன்று வாசிப்பதும் முழுமையான ஜீவிய சரித்திரமும் இரண்டு வேறு வேலைகள். நம் ஊர்களில் மரணத்திற்கும் அடக்கத்திற்கும் இடையே ஒரு நாள்கூட இருப்பதில்லை. அதற்குள் பந்தலும் பெட்டியும் வெளியூர்ப் பிள்ளைகளின் வருகையும் போக மீதமிருக்கும் அரை மணி நேரத்தில்தான் யாரோ ஒரு பேரன் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் எழுதித் தருகிறான். அதில் பெயர்களும் தேதிகளும் சரியாக இருந்தாலே போதும். முழுமையானதை முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கென்று ஒதுக்கிவையுங்கள். பத்துப் பன்னிரண்டு மாதங்கள் இந்த வேலைக்குத் தேவைப்படும்.

இதற்கு மாதிரி வேண்டுமென்றால் அப்போஸ்தலருடைய நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்னும் தொற்காள் மரித்தபோது, பேதுருவைச் சூழ்ந்து நின்ற விதவைகள் அவளைப் புகழ்ந்து பேசியதாக அங்கே எழுதப்படவில்லை. அவள் தங்களோடு இருந்தபோது செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காண்பித்தார்கள் என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெண்மணி பக்தியுள்ளவர் என்று சொல்வதற்கும், அவருடைய கை செய்ததை எடுத்துக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தைத்துக் கொடுத்தவரின் கைவேலை துணியில் இருக்கிறது. வியாபாரம் செய்தவரின் கைவேலை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

வீட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி ஒருவர் கோணிப்பையோடு வருவதற்கு முன் நீங்கள் அந்த அறைக்குள் போய்விட வேண்டும். துக்க வீட்டில் நகையும் பத்திரமும் உடனே பத்திரமாகிவிடும். பழைய பேரேடுகளும் அன்றாட வரவு செலவு எழுதும் நாள்வழிகளும் சிட்டைத் துண்டுகளும் காலியான பில் புத்தகங்களும்தான் பழைய பேப்பர் கடைக்குப் போகும். எங்கள் வீட்டில் 1970க்கு முந்தைய நாள்வழிகளில் மூன்றே மிஞ்சின. மற்றவை முறுக்குப் பொட்டலம் மடிப்பதற்குப் போய்விட்டன என்று சித்தி பின்னால் வருத்தத்தோடு சொன்னார். ஆகவே கணக்குப் புத்தகம், வங்கிப் பாஸ்புத்தகம், காணிக்கை உறை, சங்கக் காணிக்கை ரசீது, ஜெபக் குறிப்பு நோட்டு, கடிதக் கட்டு, திருமண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில் போட்ட கூட்டல் கணக்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேருங்கள். எது முக்கியம் என்று அன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம்.

அவருடைய வேதப்புத்தகத்தைத் தனியாகக் கையாள வேண்டும். அதற்குள் குருத்தோலைச் சிலுவையும் ஞானஸ்நான அட்டையும் பேரப்பிள்ளையின் பள்ளிப் புகைப்படமும் கரண்ட் பில்லும் இருக்கும். அவை எந்தப் பக்கத்தில் இருந்தன என்பதும் ஒரு செய்தியே. எதையும் உருவி எடுப்பதற்கு முன், முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரத்தில், நேரடி வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் பென்சில் எழுத்தும் தெளிவாக விழும். ஆச்சி தன் வேதப்புத்தகத்தில் நீதிமொழிகள் பதினொன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தின் ஓரத்தில், கள்ளத்தராசைப் பற்றிய அந்த வசனத்தின் பக்கத்தில், ஒரு தேதியை மட்டும் எழுதியிருந்தார். அந்தத் தேதியை நாள்வழியில் தேடிப் போனபோதுதான் இந்த வேலையின் வழி எனக்குத் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷனும் செய்யாதீர்கள். இரண்டும் சில ஆண்டுகளில் தாளைக் கெடுத்துவிடும். படங்களை வெவ்வேறு ஊர்களில் இருக்கும் குறைந்தது இரண்டு பேரிடம் கொடுத்துவையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டி, தாமிரபரணிக் கரையோரத்து ஊர்கள் வெள்ளத்தில் நின்றதை நினைத்துப் பார்த்தால், மர பீரோவின் அடித்தட்டில் எதையும் விட்டுவைக்க மனம் வராது.

கணக்கை வாசித்துக் காலத்தை அறிதல்

பழைய நாள்வழியில் ஆண்டு நேராக எழுதப்பட்டிருக்காது. தென்மாவட்டங்களின் கணக்குகளில் கொல்லம் ஆண்டு வெகுகாலம் வழக்கத்தில் இருந்தது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆகவே ஆவணி தொடங்கி டிசம்பர் முடியும்வரை கொல்லம் எண்ணோடு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1130 புரட்டாசி என்றால் அது 1954. அதே 1130 பங்குனி என்றால் 1955. தமிழ் எண்களில் எழுதிய பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துப் பார்த்தாலே எந்தக் குறி எந்த எண் என்பது பிடிபட்டுவிடும்.

தேதியே இல்லாத துண்டுச் சீட்டுகளுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. தொகை 3-8-0 என்று மூன்று பிரிவாக, ரூபாய், அணா, பை என்று இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. பழைய கை என்பதால் ஓரிரு ஆண்டு கூடுதலாகவும் அந்தப் பழக்கம் தொடர்ந்திருக்கலாம். 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. கடையின் அச்சடித்த தாளில் 'மதராஸ் மாநிலம்' என்று இருந்தால் அது 1969 ஜனவரிக்கு முன் அச்சானது. அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972க்குப் பின். சிதம்பரனார் மாவட்டம் என்று இருந்தால் தூத்துக்குடி தனி மாவட்டமான 1986க்குப் பின். எடையில் மணங்கும் வீசையும் பலமும் வந்தால் மெட்ரிக் முறைக்கு முந்தைய காலம் என்று கொள்ளலாம். சென்னை மாகாணக் கணக்கில் எட்டு வீசை ஒரு மணங்கு, அதாவது சுமார் பதினொன்றேகால் கிலோ. ஆனால் ஊருக்கு ஊர் மணங்கு வேறுபட்டதால் உங்கள் கடையின் மணங்கு எது என்பதை வயதான வியாபாரி ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பில் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் விற்பனை வரி எண்ணும் உதவும்: மதிப்புக்கூட்டு வரி தமிழ்நாட்டில் 2007 ஜனவரியிலும் ஜி.எஸ்.டி. 2017 ஜூலையிலும் வந்தன.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஒரு சீட்டின் ஆண்டு தெரிந்தால், அந்த ஆண்டில் அவருக்கு என்ன வயது, மடியில் எத்தனை பிள்ளைகள், கணவர் உடன் இருந்தாரா என்பதெல்லாம் தெரியும். என் ஆச்சியின் கையெழுத்து நாள்வழியில் முதன்முதலாக வருவது தாத்தா இறந்த பிறகு அல்ல, அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே என்பதைக் கண்டபோது, 'உறுதுணையாக இருந்தார்' என்று நான் எழுதியது எவ்வளவு தவறு என்பது விளங்கியது. கடை தாத்தாவின் பெயரில் இருந்தது. கணக்கு ஆச்சியின் கையில் இருந்தது.

பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தது என்பதை வைத்து முடிவு செய்யாமல், உரிமம், வாடகைச் சீட்டு, வங்கிக் கணக்கு, கிரையப் பத்திரம் ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் எந்த நிலம் எந்த ஆண்டில் யார் பெயரில் வாங்கப்பட்டது என்பது தெரியும். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவின் கிறிஸ்தவப் பெண் தன் தொழிலால் ஈட்டியதை அவளுடைய தனிச்சொத்தாகவே ஏற்றது. இருந்தும் அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் வீட்டுப் பத்திரங்களே சொல்லும்.

பக்தியும் வியாபாரமும் சந்திக்கும் வரிகள்

நாள்வழியின் முதல் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். சிலர் சிலுவைக் குறி போட்டிருப்பார்கள், சிலர் 'கர்த்தர் துணை' என்று எழுதியிருப்பார்கள், சிலர் சாமுவேல் நாட்டிய கல்லை நினைத்து 'எபெனேசர்' என்று தொடங்கியிருப்பார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளைத் தேடுங்கள். ஞாயிறு வரவே இல்லாத ஒரு நாள்வழி, அதிலும் பதநீர் இறங்கும் மாதங்களில் வாரத்தில் ஒரு நாள் வெறுமையாக விடப்பட்ட நாள்வழி, ஓய்வுநாளை ஆசரித்தார் என்ற வாக்கியத்தைவிடக் கனமானது. அந்த வெறும் பக்கங்களை எண்ணி எழுதுங்கள். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஏன் திறந்தார் என்று விசாரியுங்கள்.

காணிக்கை எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இலாபத்தில் கழித்தாரா, வரவு வந்த அன்றே தசமபாகமாக எடுத்துவைத்தாரா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எதை எடுத்தார்? நம் கோயில்களில் ஒரு பூசணிக்காயைப் பத்து மடங்கு விலைக்கு ஏலம் எடுப்பது வழக்கம்தான். ஆனால் ஏலத்தொகையை எத்தனை தவணையில் கட்டினார் என்பது பேரேட்டில் மட்டுமே இருக்கும். சபையார் கூடிச் சாப்பிடும் அசன பண்டிகைக்குக் கொடுத்த அரிசி, பெண்கள் ஐக்கிய சங்கத்திற்குக் கொடுத்த பணம், ஆலயக் கட்டட நிதி ஆகிய ஒவ்வொன்றையும் அந்த மாதத்தின் மொத்த வரவோடு சேர்த்துப் பாருங்கள். நல்ல மாதத்தில் கொடுத்த நூறு ரூபாயும் மழையில் சரக்கு இளகிப்போன மாதத்தில் கொடுத்த பத்து ரூபாயும் ஒரே தராசில் நிற்பவை அல்ல.

இனி எளிதில் எழுத முடியாத பகுதிக்கு வருகிறேன். கருப்பட்டி வியாபாரம் முன்பணத்தில் நடந்த வியாபாரம். பனை ஏறும் காலம் முடிந்து, ஐப்பசி கார்த்திகையில் கையில் காசில்லாமல் இருக்கும் பனையேறியின் குடும்பத்திற்குக் கல்யாணமோ காய்ச்சலோ வந்தால், வியாபாரியிடம்தான் பணம் வாங்குவார்கள். பாளை சீவும் காலம் வந்ததும் காய்ச்சிய கருப்பட்டியை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே, போட வேண்டும். அது ஒரு குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய உதவியாகவும் அதே குடும்பத்தைக் கட்டிப்போட்ட கயிறாகவும் ஒருசேர இருந்தது. உங்கள் ஆச்சி நெசவுச் சரக்கோ மீனோ மளிகையோ விற்றிருந்தால் அதற்கும் இப்படி ஒரு பற்று வரவு இருந்திருக்கும். பக்தியுள்ள ஒரு பெண்மணியின் சரித்திரத்தில் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் அது கல்வெட்டாகுமே தவிர சரித்திரமாகாது. யாரிடம் எந்த விலைக்கு எடுத்தார், சந்தை விலை என்ன, வட்டி போட்டாரா, எந்தக் கடனை எப்போது தள்ளுபடி செய்தார் என்பதைப் பேரேட்டிலிருந்து பொறுமையாக எடுத்து எழுதுங்கள்.

வேதப்புத்தகத்தின் ஓரத்தில் இருந்த அந்தத் தேதிக்கு இப்போது வருகிறேன். அது வரைக்கும் ஆச்சியின் கொள்முதல் பக்கத்தில் 'கழிவு' என்று ஒரு பத்தி உண்டு. கருப்பட்டியில் ஈரம் இருக்கும் என்று சொல்லி மணங்குக்கு அரை வீசை கழித்துக்கொள்வார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கழிவுப் பத்தி இல்லை. எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் மகிழ்ச்சி. வசனம் ஆச்சியோடு பேசியது, அன்றோடு கழிவை நிறுத்தினார் என்று எழுதியும்விட்டோம். பிறகு கடையில் முப்பது ஆண்டு சரக்கு ஏற்றிய பெரியவரிடம் கேட்டபோது, எதிர்க்கடைக்காரர் அதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே கழிவு எடுப்பதை நிறுத்திவிட்டதால் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போகத் தொடங்கியிருந்தது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: 'அதுக்கப்புறம் எதிர்க்கடைக்காரர் பழையபடி கழிவு எடுக்க ஆரம்பிச்சார், ஆச்சி எடுக்கலை. தராசையும் சரக்குக் கொண்டுவந்த பொம்பளை கையிலேயே கொடுத்துத் தூக்கச் சொல்லுவாங்க.' முதலில் எழுதியதை அடித்துவிட்டு, எதிர்க்கடைக்காரரையும் தராசையும் சேர்த்து எழுதினோம். இரண்டாவதாக எழுதியதே மெய்யானது. ஆச்சியும் அதில்தான் தெரிகிறார்.

யாரிடம், எப்படிக் கேட்பது

பிள்ளைகளிடம் கடைசியாகக் கேளுங்கள். அவர்கள் அழுவார்கள், அல்லது தங்களைப் பற்றியே பேசுவார்கள், இரண்டும் இயல்பே. முதலில் கடையில் வேலை பார்த்தவர்கள், சரக்குப் போட்டவர்கள், லாரி ஆபீசில் இருந்தவர், பக்கத்துக் கடைக்காரர், வங்கியில் பாஸ்புத்தகம் பதிந்து கொடுத்தவர், வேறு மதத்து அண்டை வீட்டார் ஆகியோரிடம் போங்கள். மருமகள்களை மறக்காதீர்கள். எங்கள் வீட்டு முன்னறையில் எல்லாரும் கூடியிருந்தபோது ஒலிப்பதிவு செய்தேன். ஒரு மணி நேரமும் புகழ்ச்சிதான். அடுத்த வாரம் அடுப்படியில் பெரியம்மா மீன் அலசிக்கொண்டே பேசிய பத்து நிமிடத்தில்தான் ஆச்சியின் கோபமும், சாவிக்கொத்தை யாரிடமும் நம்பிக் கொடுக்காத பிடிவாதமும், பெரியம்மாவின் பிரசவத்தின்போது கடையைப் பத்து நாள் மூடிவிட்டுக் கூடவே இருந்ததும் வெளிவந்தன.

'ஆச்சி எப்படிப்பட்டவங்க?' என்ற கேள்விக்கு 'ரொம்ப நல்லவங்க' என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. பொருளையும் நேரத்தையும் இடத்தையும் பற்றிக் கேளுங்கள். காலையில் கடை திறந்ததும் முதலில் எதைத் தொடுவார்கள்? கடன் கேட்டு வந்தவருக்கு இல்லை என்பதை எந்த வார்த்தையால் சொல்வார்கள்? சில்லறை எதில் கிடக்கும்? குடும்ப ஜெபத்தில் யார் பெயரை முதலில் சொல்வார்கள்? எந்தப் பாமாலைக்குக் குரல் உடையும்? யாரோடு பேசாமல் இருந்தார்கள், பேச்சு எப்போது திரும்பியது? ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர்கள் பேச்சை எழுதும்போது செந்தமிழாக்கிவிடாமல் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

ஊரார் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவை 1785இல் கட்டுவித்த ஆலயத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு ஞானஸ்நானத்தில் இடப்பட்ட பெயர் ஏட்டில் இருக்கிறது, ஊர் வைத்த பெயர் வாயில் இருக்கிறது. கருப்பட்டிக்கடை ஆச்சியோ சாவிக்கார அம்மாளோ, எந்தப் பெயரானாலும் முழுப்பெயருக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் கொடுங்கள்.

சபைப் பதிவேடுகள்

ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் ஆகிய மூன்றின் பதிவுகளையும் சேகர (சில சபைகள் சேர்ந்த வட்டார) அலுவலகத்தில் சேகரகுருவானவரின் அனுமதியோடு பார்க்கலாம். நேரில் போவதற்கு முன் பெயர், தகப்பனார் பெயர், உத்தேசமான ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டால் தேடுகிறவருக்கு எளிது. பிறந்த சபையின் பதிவு அதே ஊரில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சேகரங்கள் பிரிக்கப்பட்டபோது பழைய ஏடுகள் தாய்ச் சேகரத்திலேயே தங்கியிருக்கும். தூத்துக்குடி-நாசரேத் தனித் திருமண்டலமாக (பேராயரின் ஆளுகைப் பகுதியாக) ஆனது 2003இல்தான். அதற்கு முந்தைய பல ஆவணங்களுக்குப் பாளையங்கோட்டைக்குப் போக நேரிடும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முற்பட்ட காலத்திற்கு, உங்கள் ஊர் எந்த மிஷனைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாசரேத்து, முதலூர், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. ஊர்கள், மெஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம் சி.எம்.எஸ். ஊர்கள்.

திருமணப் பதிவேட்டில் மணமகளின் தொழில் என்ற கட்டம் இருந்தால் அதில் பெரும்பாலும் ஒரு கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்வழியின் பக்கத்தில் அதை அச்சிட்டால் நீங்கள் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியிருக்காது.

எழுதுதல்

பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். அவரை நன்றாகக் காட்டும் ஒரு சாதாரண நாளிலிருந்து தொடங்குங்கள். பிறந்த ஊரும் பெற்றோரும் இரண்டாம் பத்தியில் வந்தால் போதும். 'ஜெப வீராங்கனை', 'விசுவாசத் தாய்', 'ஏழைகளின் தோழி' போன்ற சொற்களை எழுதிவிட்டால், அடுத்த வரியிலேயே அதற்கு ஒரு தேதியோ தொகையோ பெயரோ கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். ஜெபம், கிருபை, ஸ்தோத்திரம் ஆகியவை அவருடைய வாயில் இருந்த சொற்கள், ஆகவே இருக்கட்டும். ஆனால் கடை நொடித்ததைச் 'சோதனைக் காலம்' என்று மூடாமல், எவ்வளவு நட்டம், யார் ஏமாற்றினார், எப்படி மீண்டார் என்று எழுதிவிட்டுப் பிறகு அவர் அதற்கு எந்த வசனத்தைச் சொன்னார் என்று எழுதுங்கள்.

வசனத் தேர்விலும் ஒரு வார்த்தை. நினைவு அட்டைகளில் நீதிமொழிகள் முப்பத்தொன்றாம் அதிகாரத்தின் பத்தாம் வசனமும் முப்பதாம் வசனமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே அதிகாரத்தில் அந்தக் குணசாலி வயலை விசாரித்து வாங்குவதும் (16), தன் வியாபாரத்தின் பயனை அறிந்து இரவில் விளக்கணையாமல் இருப்பதும் (18), தான் நெய்ததை வர்த்தகரிடம் விற்பதும் (24) இருக்கின்றன. இவற்றை ஏனோ தாண்டிப் போய்விடுகிறோம். பிலிப்பியில் பவுலைத் தன் வீட்டில் தங்கவைத்த லீதியாளும் இரத்தாம்பரம் விற்ற வியாபாரிதான்.

பேரப்பிள்ளைகளின் பகுதியைத் தனியே எழுதுங்கள், அதுவும் வயது வரிசைப்படி. மூத்த பேரன் கண்ட ஆச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நடுவில் பிறந்தவர்கள் கண்டவர் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டே கூட்டல் வாய்பாடு கேட்டவர். கடைசிப் பேத்தி கண்டவர் கட்டிலில் படுத்தபடி அவளை வேதம் வாசிக்கச் சொல்லித் தவறிய சொல்லைக் கண்ணைத் திறக்காமலே திருத்தியவர். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் பாட்டி லோவிசாளின் விசுவாசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதால்தான் அந்தப் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் அரைப்பக்கம் எழுதித் தரட்டும். திரும்பத் திரும்ப வருவதை வெட்டுங்கள், முரண்படுவதை அப்படியே விடுங்கள். கடைசி நோயைப் பற்றி மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம். மருத்துவமனையில் கழிந்த பதினைந்து நாட்கள் எண்பது ஆண்டுகளை மறைத்துவிடக் கூடாது.

அச்சுக்கு முன்

கடன் வாங்கியவர்களின் பெயர்களை ஒருபோதும் அச்சிடாதீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அதே கோயிலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். 'மேலத்தெருவைச் சேர்ந்த ஒரு குடும்பம்' என்பதும்கூடச் சிறிய ஊரில் பெயர் சொன்னதற்குச் சமம். பாகப்பிரிவினை முடியாத வீடாக இருந்தால் சொத்து விவரத்தை இந்த எழுத்திற்குள் கொண்டுவர வேண்டாம், ஏனெனில் நாளை ஒருவர் இதையே ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருவார். எழுதியதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவருக்கு முன்னதாகக் காட்டினால் அதுவே ஒரு வழக்காகிவிடும். தகவல் பிழைகளைத் திருத்துங்கள். 'இதை ஏன் எழுத வேண்டும்' என்ற ஆட்சேபம் வந்தால் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் கழிவுப் பத்தியைப் பற்றி இரண்டு மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் இருக்கட்டும் என்றது ஆச்சியின் தங்கைதான்.

கோயிலில் வாசிப்பதற்குத் தனியாகச் சுருக்கி எழுத வேண்டும். ஏழு நிமிடங்களுக்கு மேல் போனால் குழந்தைகள் அழத் தொடங்கும், ஆராதனை நடத்தும் ஐயரும் கடிகாரத்தைப் பார்ப்பார். நிதானமாக வாசித்தால் ஏழு நிமிடத்தில் அறுநூறு சொல்லளவுதான் முடியும். புத்தகமாக அச்சிடுவதானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், எழுத்தைப் பெரிதாக வையுங்கள், ஏனெனில் ஆர்வத்தோடு வாசிக்கப் போகிறவர்கள் அவருடைய வயதுக்காரர்கள்.

ஆராதனை நாளில் கோயிலின் பின்பக்கத்திலோ பந்தலிலோ ஒரு மேசை போட்டு, நாள்வழி ஒன்றையும் பழைய தராசையும் கருப்பட்டி வார்த்த சிரட்டைகளையும் வேதப்புத்தகத்தையும் வையுங்கள். கடையில் வேலை பார்த்தவர்களை முன்கூட்டியே அழைத்து மேசையருகில் உட்காரவையுங்கள். மைக்கில் பேசச் சொல்லாதீர்கள், பொருளைக் கையில் எடுத்தால் அவர்களே பேசுவார்கள். எங்கள் மேசையில் தராசை எடுத்து நிறுத்திப் பார்த்த ஒரு மூதாட்டி, இடது தட்டு இன்னும் கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கிறது என்றும், அதற்காக ஆச்சி ஒரு செப்புக்காசை வலது தட்டின் அடியில் ஒட்டியிருப்பார் என்றும் சொன்னார். தட்டைத் திருப்பிப் பார்த்தோம், காசு இருந்தது.

கூட்டம் கலைவதற்கு முன்பாகவே கணக்குப் புத்தகங்கள் யார் பொறுப்பில் இருக்கும் என்பதை முடிவு செய்து, ஒவ்வொரு பழைய புகைப்படத்தின் பின்னாலும் பேனாவால் அல்லாமல் மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதிவிடுங்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அன்றைக்குத்தான் ஒரே இடத்தில் இருப்பார்கள்.